நூறு கிராமும் நூறு நாளும்

நமது நண்பர் ஒருவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. மகன் கலாசாலையில் வாசிக்கிறான். மகள் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பில் இருக்கிறாள். இருவருக்கும் விளையாட்டுச் செய்தி என்றால் உயிர். காலையில் பத்திரிகை வந்தால் அண்ணன் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பான். தங்கை அவன் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பாள். பிறகு அன்று மாலை வரையில் அதைப் பற்றிய வாதம் அவ்வீட்டில் ஓய்வதில்லை.

சென்ற ஞாயிறு மாலை நாம் அந்த நண்பரைக் காணச் சென்றிருந்தோம். திண்ணையில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கிற்று. 2025-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் நமது பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்களில் வென்று உலகக் கோப்பையைக் கைக்கொண்ட இரவை இருவரும் மறக்கவில்லை. பெண்களுக்கான உலகக் கோப்பைப் போட்டி 1973-ல் நடந்தது, ஆண்களுக்கானது 1975-ல்தான் தொடங்கியது, ஆகவே இந்த விஷயத்தில் தங்கையே மூத்தவள், அண்ணனே இளையவன் என்று அந்தப் பெண் கூறியபோது அண்ணன் உள்பட எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் பேச்சு வேறு திசையில் திரும்பிற்று. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டின் கதையை யாரோ எடுத்தார்கள். அதோடு திண்ணையின் குளிர்ச்சி போயிற்று.

அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெண் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் ஜில்லாப் போட்டியில் முதலாவதாக வந்தவள். வெளியூரிலுள்ள ஒரு விளையாட்டு விடுதியில் சேர்ந்து பயிற்சி பெற அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அனுப்புவதா, வேண்டாமா என்பது பத்து நாட்களாக அவ்வீட்டின் பெரிய விவகாரம். தாய் தயங்குகிறார். தந்தை முடிவு கூறாமல் இருக்கிறார். தங்கையின் ஓட்டத்தைக் கைதட்டிப் பார்த்து வளர்ந்த அண்ணனே, அவள் போகலாகாது என்று சொல்லுகிறான். ஆதலின் பாரிஸில் நடந்ததைப் பற்றிய அவர்களுடைய வாதம் வெறும் பொழுதுபோக்கு அன்று. அந்த வாதத்தையே இன்று நாம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். அது ஒரு வீட்டு விவகாரமாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

நடந்தவற்றை முதலில் நினைவூட்டுவோம். 2024-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 50 கிலோ வகுப்பில் வினேஷ் மூவரை வென்றார். முதலில் வீழ்ந்தவர் ஜப்பானின் யூய் சுசாகி. முந்திய ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர். அதுவரை அன்னியரிடம் தோல்வி என்பதையே அறியாதவர். பிறகு உக்ரேனிய வீராங்கனையும், அதன்பின் கியூபா வீராங்கனையும் தோற்றனர். இந்தியப் பெண் ஒருத்தி ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிப் போட்டிக்கு வந்தது அதுவே முதல் தடவை. மறுநாள் காலையில் எடை பார்த்தார்கள். 50 கிலோவுக்கு மேல் நூறு கிராம் இருந்தது. இரண்டு எலுமிச்சம்பழங்களின் கனம் என்று சொல்லலாம். இரவு முழுதும் உறங்காமல் உழைத்து, வியர்வை சிந்தி, தலைமயிரைக்கூட வெட்டிப் பார்த்தும் அந்த நூறு கிராம் கரையவில்லை. விதிப்படி அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். வெள்ளிப் பதக்கமாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. மூவரை வென்றவர் ஜாபிதாவில் கடைசி இடத்தில் வைக்கப்பட்டார். விளையாட்டு நடுவர் மன்றத்தில் அவர் செய்துகொண்ட முறையீடு ஆகஸ்டு 14-ந் தேதி தள்ளுபடியாயிற்று. வினேஷ் தகாத செயல் எதுவும் செய்தவரல்லர், விதியின் விளைவு மிகக் கடுமையானது என்பதை வழக்கைக் கேட்ட நடுவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் விதி தெளிவாக இருக்கிறது, அதற்கு விலக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்.

அண்ணனின் கட்சி எளிமையானது. "விதி என்றால் விதிதான். நூறு கிராம் என்றாலும் மிகுதி மிகுதியே. இன்று நூறு கிராமுக்கு இரங்கினால் நாளை இருநூறு கிராமுக்கு யாராவது அழுதுகொண்டு வருவார்கள். அன்றைக்கு எதிரில் நின்றவள் எடையைச் சரியாக வைத்துக்கொண்டு வந்தாளே, அவளுக்கு நியாயம் வேண்டாமா?" என்று அவன் கேட்டான்.

அவன் கூறியது சரி என்றே நாம் கருதுகிறோம். அன்று தேசமெங்கும் எழுந்த ஆத்திரத்தில் சதி என்றும், வஞ்சனை என்றும் பலர் கூச்சலிட்டனர். அதற்கு ஆதாரம் எதையும் நாம் கண்டதில்லை. நமக்கு வேண்டியவர் தோற்றால் விதியைத் திட்டுவதும், வேண்டாதவர் தோற்றால் அதே விதியைப் போற்றுவதும் தன்மானமுள்ள ஜனங்களுக்கு அழகல்ல. விதிக்குத் தலைவணங்கும் பழக்கத்தைக் கற்பிப்பதாலேயே விளையாட்டைக் கல்வியின் பகுதி என்று சொல்லுகிறோம்.

ஆனால் தங்கை விட்டுவிடவில்லை. அவள் சொன்ன மறுமொழி நம்மை இந்தத் தலையங்கம் எழுதத் தூண்டிற்று. "அண்ணா, விதி விதிதான் என்று நீ சொல்லுவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விளையாடுகிறவளை நூறு கிராம் வரை நிறுத்துப் பார்க்கிறார்களே, அவளை ஆளுகிறவர்களை எந்தத் தராசில் நிறுத்தார்கள்? அதை மட்டும் நீ சொல்லு" என்றாள் அவள்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. நாமும் அந்த இடத்தில் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தோம். வீடு திரும்பியபின் பழைய செய்திகளைப் புரட்டி, தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் அந்தத் தேதிகளிலேயே இருந்தது.

பாரிஸுக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன், 2023 ஜனவரி 18-ந் தேதி, தில்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா முதலியோர் வந்து அமர்ந்தனர். மல்யுத்தச் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று பகிரங்கமாகப் புகார் கூறினர். சர்க்கார் ஒரு மேற்பார்வைக் குழுவை நியமித்தது. வீரர்கள் கலைந்து சென்றனர். வாரங்கள் சென்றன, குழுவின் அறிக்கையை ஜனங்கள் காணவில்லை. ஏப்ரல் மாதம் போலீஸாரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தும் அது பதிவாகவில்லை. ஆகவே வீராங்கனைகள் மறுபடியும் வீதிக்கு வந்தனர். ஏழு பெண்கள் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். ஏப்ரல் 28-ந் தேதியே வழக்குப் பதிவாயிற்று. ஜனவரி 18 முதல் ஏப்ரல் 28 வரை எண்ணிப் பாருங்கள். சரியாக நூறு நாட்கள்!

ஒரு வீராங்கனையின் உடலில் நூறு கிராம் மிகுந்தபோது தீர்ப்புக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிற்று. அதே வீராங்கனை கொண்டுவந்த புகார் போலீஸ் புத்தகத்தில் ஏறுவதற்கு நூறு நாட்களும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமும் தேவையாயின. இதைவிடத் தெளிவாக அந்தத் தங்கையின் கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியும்?

அந்தத் தலைவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். வயது வராத பெண் சம்பந்தப்பட்ட வழக்கை முடித்துவைக்கப் போலீஸார் கோரியதை 2025 மே மாதத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மற்றப் பெண்களின் புகார்கள் மீது 2024 மே மாதத்தில் குற்றச்சாட்டு வனையும்படி உத்தரவாயிற்று. குற்றம் உண்டா, இல்லையா என்பதைத் தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. பத்திரிகையின் வேலை அன்று. அதில் நாம் புகமாட்டோம். நமது கேள்வி வேறு. ஒரு பெண் முறையிட விரும்பினால் எங்கே போவது? வேலை செய்யும் இடங்களில் பெண்களைப் பாதுகாக்க 2013-ல் இயற்றிய சட்டம் தெளிவாகக் கூறுகிறது: ஒரு குழு இருக்கவேண்டும், அதற்குத் தலைமை ஒரு பெண்ணாயிருக்கவேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாதோர் பெண்களாயிருக்கவேண்டும், வெளியாள் ஒருவர் அதில் இடம்பெறவேண்டும். இதுவும் விதிதானே? பத்து வருஷம் கழித்து, 2023 மே மாதத்தில், இந்தக் குழுவை முறைப்படி அமைக்காத விளையாட்டுச் சம்மேளனங்களுக்குத் தேசிய மனித உரிமைக் கமிஷன் நோட்டீஸ் அனுப்பவேண்டியதாயிற்று. மல்யுத்தச் சம்மேளனம் அவற்றுள் ஒன்று. பத்து வருஷம் விதியை மீறியவர்களில் எவரேனும் ஜாபிதாவில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டாரா? நாம் கேட்டதில்லை.

வேறொரு விதியையும் பார்ப்போம். குறித்த காலத்தில் தேர்தல் நடத்துவது எந்தச் சங்கத்துக்கும் முதற் கடமை. 2023-ல் மல்யுத்தச் சம்மேளனத்தின் தேர்தல் பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. வழக்குகளும் தடையுத்தரவுகளும் அதற்குத் துணைசெய்தன. பொறுத்துப் பார்த்த உலக மல்யுத்த ஸ்தாபனம் ஆகஸ்டு மாதத்தில் நமது சம்மேளனத்தை நீக்கிவைத்தது. தண்டனை யாருக்கு? செப்டம்பரில் பெல்கிரேடில் உலகப் போட்டி நடந்தபோது நமது பிள்ளைகள் இந்தியக் கொடியின்றி, தேசமற்றவர்போல் நின்று மல்லாடினர். அந்தம் பங்கால் என்ற பத்தொன்பது வயதுப் பெண் அங்கே வெண்கலம் வென்று, பாரிஸில் ஓர் இடத்தையும் சம்பாதித்தாள். மூவர்ணக் கொடிக்குப் பெருமை தேடவேண்டிய அந்தப் பெண், அந்தக் கொடியைத் தோளில் போர்த்துக்கொள்ளும் பாத்தியதை இல்லாமல் வென்றாள். தேர்தல் நடத்தத் தவறியவர் எவரும் கொடியை இழக்கவில்லை.

இது புதிதா? இல்லை. 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நமது ஒலிம்பிக் சங்கத்தை நீக்கிவைத்தது. 2014 பிப்ரவரியில் ஸோச்சி நகரத்துக் குளிர்காலப் போட்டியின் தொடக்க ஊர்வலத்தில் நமது வீரர்கள் ஒலிம்பிக் கொடியின்கீழ் நடந்தனர். கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகிகள் 2020 டிசம்பரில் தங்கள் காலம் முடிந்தும் நாற்காலியை விடவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டு வேறு நிர்வாகக் குழுவை அமைத்தது. வெளியார் தலையீடு என்று கூறி உலகக் கால்பந்து ஸ்தாபனம் 2022 ஆகஸ்டில் இந்தியாவை நீக்கிவைத்தது. அந்தத் தடை இரண்டு வாரங்கூட நீடிக்கவில்லை. ஆனால் அதற்குள் ஆசியப் போட்டியில் விளையாட தாஷ்கண்ட் நகரம் வரை சென்றிருந்த கோகுலம் கேரளா கழகத்துப் பெண்கள் பந்தைத் தொடாமலே திரும்பி வந்தனர். மூன்று விளையாட்டு ஸ்தாபனங்கள், மூன்று சமயங்கள். ஆயினும் கதை ஒன்றே. ஆள்பவர் தவறு செய்கிறார்; ஆடுபவர் அபராதம் செலுத்துகிறார்.

இத்தகைய பேச்சு எழுந்தவுடன் இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்பதை நாம் அறிவோம். முதலாவது, வீட்டு விவகாரத்தை வீதியில் கொண்டுவந்து தேசத்தின் மானத்தைக் கெடுக்கலாமா என்பது. 2023 மே 28-ந் தேதி புதிய பார்லிமெண்டுக் கட்டடத்தை நோக்கி நடந்த வீராங்கனைகளைப் போலீஸார் பிடித்துச் சென்றதும், மே 30-ந் தேதி அவர்கள் தங்கள் பதக்கங்களைக் கங்கையில் எறிய ஹரித்வாரம் சென்றதும் உலகமெங்கும் செய்தியாயின. விவசாயத் தலைவர்கள் ஓடிவந்து தடுத்திராவிட்டால் அந்தப் பதக்கங்கள் இன்று ஆற்றின் அடியில் கிடக்கும். தேசத்துக்கு அது அவமானந்தான். ஆனால் அவமானத்தை உண்டாக்கியவர் யார்? வீட்டில் முறையிட இடமிருந்தால் யார் வீதிக்கு வருவார்? தேசத்தின் மானம் என்பது குற்றத்தை மூடும் போர்வை அன்று. தேசாபிமானம் என்பதன் பொருள் தேசத்தின் பெயரால் நாற்காலியில் அமர்ந்தவரை எல்லாம் அபிமானிப்பது என்றால், அப்படிப்பட்ட அபிமானம் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம், அவர்களில் இருவர் பின்னர் அரசியல் கட்சியில் சேர்ந்தார்களே, ஆகவே எல்லாம் அரசியல் சூழ்ச்சியே என்பது. வினேஷும் பஜ்ரங்கும் 2024 செப்டம்பரில் காங்கிரஸில் சேர்ந்ததும், அடுத்த மாதமே வினேஷ் ஹரியானா சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் உண்மை. பிரஜையாய்ப் பிறந்த யாருக்கும் உள்ள உரிமை அது. ஒருவர் நாளை எந்தக் கட்சியில் சேர்வார் என்பதைக் கொண்டு, அவர் நேற்றுக் கொடுத்த புகார் மெய்யா, பொய்யா என்று நிர்ணயிப்பது எந்த நியாய சாஸ்திரத்திலும் இல்லை. அந்தப் புகாரைக் கட்சிகள் தத்தம் லாபத்துக்கு உபயோகித்தன என்றால் அதை நாமும் கண்டிக்கிறோம். ஒரு கட்சியார் பெண்ணின் கண்ணீரை வாக்காக மாற்ற நினைத்ததும், மற்றொரு கட்சியார் அந்தக் கண்ணீரையே பொய் என்றதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணைக் குறித்த கவலை இல்லை.

இனி நமது மாகாணத்தின் பக்கம் திரும்புவோம். எண்ணூறு மீட்டர் ஓடும் அந்தத் தங்கையின் நினைவில் வினேஷைவிட அண்மையில் நிற்பவர் வேறொருவர். புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் இதே எண்ணூறு மீட்டரில் வெள்ளி பெற்றார். சில நாட்களுக்குள் பாலினச் சோதனை என்ற பெயரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. உடற்கூறு பற்றிய அந்த விதிகளின் சரி, தவறு குறித்து வைத்தியர்களும் விளையாட்டு ஸ்தாபனங்களும் இன்னும் விவாதிக்கின்றனர். அதை விட்டுவிடுவோம். ஒரு பெண்ணின் அந்தரங்கமான உடல் விஷயம் உலகமெங்கும் பத்திரிகைச் செய்தியாகப் பரவியதே, அப்பொழுது அவள் பக்கத்தில் நின்று பேசவேண்டிய நிர்வாகிகள் எங்கே இருந்தனர்? சாந்தி தளராமல் எழுந்து, பின்னர் பயிற்சியாளராகிப் பல பிள்ளைகளை ஓடப் பழக்கினார். அந்தப் பெருமை அவருக்கே உரியது. அவரை நடுத்தெருவில் விட்டவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

இவற்றை எல்லாம் பார்த்த பின்னும், அந்த அண்ணனின் பயம் நியாயமற்றது என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். தங்கையின்மேல் உள்ள அன்பினால் அவன் பயப்படுகிறான். ஆனால் அந்த அன்பு செல்லும் வழி தவறானது. திருடன் இருக்கிறான் என்பதற்காக வீட்டுக்காரனைச் சிறையில் வைப்பார் உண்டோ? ஆபத்து நிர்வாகத்தில் இருக்கிறது. அடைபடுவது மட்டும் தங்கையா? அவள் திண்ணையில் அமர்ந்து அண்ணனோடு விளையாட்டைப் பற்றிப் பேசலாம், அவனைவிட நன்றாகவே பேசலாம். ஆனால் மைதானத்தில் மட்டும் கால் வைக்கலாகாது என்றால், அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு?

வேறொரு வீட்டின் கதையை அந்த அண்ணனுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். சென்னையில் வைஷாலி என்ற சிறுமியைச் சதுரங்கம் பழக அனுப்பினார்கள். அக்காளைப் பார்த்துத் தம்பியும் பலகைக்கு வந்தான். அந்தத் தம்பிதான் பிரக்ஞானந்தா. 2023 டிசம்பரில் அக்காளும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் எய்தியபோது, உலகில் அப்பட்டம் பெற்ற முதல் அக்காள் தம்பியர் என்ற கீர்த்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டிகளில் இருவரும் ஆடினர். அதே வருஷம் செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஆண்கள் அணியில் தம்பிக்குத் தங்கம், பெண்கள் அணியில் அக்காளுக்குத் தங்கம். பெண் குழந்தைக்கு எதற்கு என்று அந்தப் பெற்றோர் பலகையை மூடிவைத்திருந்தால், பெண்ணை மட்டுமா இழந்திருப்போம்? பிள்ளையையும் அன்றோ இழந்திருப்போம்!

ஆகவே தங்கை போகவேண்டும். அண்ணன் செய்யவேண்டியது வேறு. அவளை வீட்டுக்குள் காவல் காப்பதைவிட, அவள் செல்லும் இடத்தின் வாசலில் நின்று கேள்வி கேட்பது அவன் கடமை. நம் வாசகர்களில் பெரும்பாலார் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். கூட்டம் கூட்டவும், மனு எழுதவும், அதிகாரிகளைப் பேட்டி காணவும் பழகியவர்கள். அவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். உங்கள் ஜில்லாவில் எத்தனை விளையாட்டுச் சங்கங்கள் இருக்கின்றன என்று தெரியுமா? அவற்றின் காரியதரிசி யார், எத்தனை வருஷமாக அவரே இருக்கிறார் என்று விசாரித்ததுண்டா? பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஊர்வலம் போகிறோம். நமது குழந்தைகளை ஆளும் சங்கங்களின் தேர்தல் எப்பொழுது நடக்கிறது என்றுகூட அறியாமல் இருக்கிறோம்.

நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். கடைசித் தேர்தல் எந்தத் தேதியில் நடந்தது, அடுத்தது எப்பொழுது? பெண்கள் முறையிடும் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயர்களும் தொலைபேசி எண்களும் எல்லோரும் பார்க்கும்படி மைதானத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா? வெளியூர்ப் போட்டிக்குப் பெண்கள் செல்லும்போது துணைக்குச் செல்லும் பெண் அதிகாரி யார்? வரவு செலவுக் கணக்கும், வீரர்களைத் தேர்ந்தெடுத்த காரணமும் வெளியிடப்படுகின்றனவா? இந்த நான்குக்கும் நேரான பதில் சொல்லும் சங்கத்தைப் பாராட்டுங்கள். மழுப்பும் சங்கத்தை விடாதீர்கள்.

சட்டத்தின் துணையும் இப்பொழுது ஓரளவு உண்டு. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களை அங்கீகரிக்க ஒரு தேசிய வாரியத்தையும், வழக்குகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்துகிறது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் விளையாடினவர்களுக்கும் குறைந்தபட்ச இடங்களை ஒதுக்குகிறது. பெண்களையும் சிறுவர்களையும் பாதுகாக்கும் கொள்கை வேண்டும் என்கிறது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் இருக்கமுடியாது. வாரியத்தின் உறுப்பினரை நியமிப்பது மத்திய சர்க்கார். சங்கத் தலைவர்களின் பிடியிலிருந்து மீண்ட விளையாட்டு மந்திரிகளின் பிடியில் விழுந்தால் யாருக்கு என்ன லாபம்? மேலும், சர்க்கார் பணம் பெறாத ஸ்தாபனம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்படாது என்று திருத்தினார்கள். நாட்டிலேயே மிகுந்த செல்வமும் செல்வாக்கும் உள்ள கிரிக்கெட் வாரியம் அதனால் கேள்விக்கு அப்பாற்பட்டு நிற்கிறது. தேசத்தின் பெயரால் அணி திரட்டுவோர் தேசத்துக்குக் கணக்குச் சொல்லமாட்டோம் என்பது எந்த நியாயம்?

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. அரசியல் சட்டப்படி விளையாட்டு என்பது மாகாண ஜாபிதாவைச் சேர்ந்த விஷயம். தில்லியில் இயற்றிய சட்டம் தேசியச் சம்மேளனங்களைச் சீர்திருத்தலாம். நமது ஜில்லாச் சங்கத்தின் வாசல் வரை அது எவ்வளவு வலுவோடு வரும் என்பது சந்தேகம். ராஜஸ்தானம் 2005-லேயே தனது விளையாட்டுச் சங்கங்களுக்கென ஒரு சட்டம் செய்தது. தமிழ்நாடு சட்டசபையும் ஜில்லா, மாகாணச் சங்கங்களின் தேர்தல், கணக்கு, பெண்களின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். உலகப் போட்டிகளை இங்கே நடத்திப் பெயர் பெறுவது நல்லதே. ஆனால் ஒரு கிராமத்துப் பெண் பயமின்றி மாலையில் ஓடிவிட்டு வீடு திரும்புவது அதைவிடப் பெரிய பெயர்.

நண்பர் நம்மிடம் அபிப்பிராயம் கேட்டார். பெண்ணை அனுப்புங்கள் என்றோம். அண்ணனை நோக்கி, "நீயும் அவளோடு ஒருமுறை போய், அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு வா" என்றோம். அவன் சற்று யோசித்து, சரி என்றான். தங்கையோ, "கேள்விகளை நானே கேட்பேன், அண்ணா பக்கத்தில் நின்றால் போதும்" என்றாள். அவள் சொன்னதே சரி.

வீராங்கனையின் நூறு கிராமை விடமாட்டோம் என்று சொல்லும் தராசை நாம் உடைக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும். அதே தராசு நிர்வாகியின் அறையிலும் இருக்கவேண்டும்; அங்கேயும் அது நூறு நாளை ஒரு நாளாகக் காட்டாமல் உள்ளபடி காட்டவேண்டும். அதை வாங்கிவைக்கும் பொறுப்பு நம்முடையது.